கால்சியம் குறைகிறதா? முதலில் உப்பை அளந்து பார்

செங்கல்பட்டில் புதிதாகப் பவளத் தொட்டி வைத்திருக்கும் தம்பிக்கு,

கடல்நீர்த் தொட்டி வைக்கிற எல்லோருக்கும் முதல் சில மாதங்களில் இந்த நாள் வந்தே தீரும். பவளம் சுருங்கிக் கிடக்கும். டெஸ்ட் கிட்டில் கால்சியம் குறைவு என்று காட்டும். கடைக்குப் போனால் ஒரு கால்சியம் பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். அதைத் திறப்பதற்கு முன் படிக்க வேண்டிய கடிதம் இது.

மாமல்லபுரமும் கோவளமும் பக்கத்தில் இருப்பதால், கேனில் கடல்நீர் பிடித்து வந்து தொட்டியை நிரப்பும் பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. காசு மிச்சம்தான். ஆனால் வங்கக் கடல் வருடம் முழுக்க ஒரே கடலாக இருப்பதில்லை. பவளத்துக்குத் தேவை 35 பிபிடி, அதாவது ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு. சித்திரை, வைகாசியில் நம் கரையில் ஏறக்குறைய அந்த அளவு கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிடைக்காது. அதற்கு இங்கே பெய்யும் மழை மட்டும் காரணமல்ல. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய ஆறுகள் வடக்கே கொட்டிய நன்னீர், அந்த மாதங்களில் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி வருகிறது. முட்டுக்காடு முகத்துவாரமும் வாயலூர்ப் பக்கம் பாலாறும் வெள்ளத்தைக் கடலில் விட்டால் உப்பு இன்னும் குறையும். கல்பாக்கம் கரையோரத்தில் மழைக்காலத்தில் உப்பு 30 பிபிடிக்கும் கீழே போவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி கணக்கைப் பார். 35 பிபிடி நீரில் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியமும் 1,280 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கும். அதே நீர் 28 பிபிடிக்கு நீர்த்துப்போனால் கால்சியம் 330, மக்னீசியம் 1,020 என்று ஆகிவிடும். கிட் பொய் சொல்லவில்லை, கால்சியம் குறைவுதான். ஆனால் நோய் கால்சியத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது. பாட்டிலை ஊற்றினால் எண் ஏறும், பவளம் சுருங்கியபடியே கிடக்கும். கால்சியம், மக்னீசியம் இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் உப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் நம்பிவிடாதே. வடிநீரில் பூஜ்யம் காட்டுகிற கருவி 35-இல் தவறலாம். அதற்கென்று விற்கும் 35 பிபிடி திரவத்தை வைத்துச் சரிபார்.

வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. சூட்டைத் தணிக்க மின்விசிறி வைப்பாய். நீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நன்னீர்தான் விட வேண்டும், கடல்நீர் அல்ல. போர் தண்ணீரும் கூடாது. அதிலுள்ள சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் பாசிக்குத் தீனி. ஆர்.ஓ. வடிகட்டி, அதன் பின்னால் டி.ஐ. ரெசின், டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம்: அந்த நீர்தான் வேண்டும். 2013-இல் நெம்மேலியில் திறந்த, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலையில் நடப்பதும் இதே ஆர்.ஓ., அதாவது எதிர்ச் சவ்வூடு பரவல்தான்.

மறுபடி கேனில் பிடித்த கடல்நீருக்கு வருவோம். இந்தக் கரையிலுள்ள இறால் குஞ்சு பொரிப்பகங்கள்கூடக் கடலிலிருந்து எடுத்த நீரை நேராகக் குஞ்சுகளுக்கு விடுவதில்லை. வண்டல் படிய வைத்து, மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் போட்டு, அது முழுக்க நீங்கிவிட்டதா என்று சோதித்த பிறகே பயன்படுத்துகிறார்கள். பிழைப்புக்கு நீரை நம்பியிருப்பவர்கள் இத்தனை செய்யும்போது, கேனிலிருந்து தொட்டிக்கு நேராக ஊற்றுவது எந்த வகையிலும் சரியில்லை.

உப்பு சரியானதும் அம்மோனியா. புதுத் தொட்டியில் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெப்பத்திலும் 8.2 பி.எச்.சிலும் அம்மோனியாவின் நஞ்சு கூடுதல். ஆகவே அது பூஜ்யமாகும்வரை ஒரு மீன்கூட வேண்டாம். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் கிட் பெரிய எண்ணைக் காட்டும்; அதைக் கண்டு பதறாதே.

பி.எச். குறைந்தால் உடனே பஃபர் போடுகிறவர்கள் அதிகம். மூடிய ஏ.சி. அறையில் ஆட்கள் விடும் மூச்சின் கரியமில வாயுவே பி.எச்.சை இறக்கிவிடும். ஒரு டம்ளர் தொட்டி நீரை மொட்டை மாடியில் வைத்து, ஒரு மணி நேரம் ஏர் பம்பு ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பார். பி.எச். ஏறினால் ஜன்னலைத் திற, அது போதும். ஆல்கலினிட்டியே குறைந்திருந்தால் நாளுக்கு ஒரு டிகேஎச்சுக்கு (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) மேல் ஏற்றாதே. அதையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகி, தொட்டி பால்போல வெளுத்துவிடும்.

கடைசியாகச் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016-ஆம் ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளுத்து நொந்தவை. அங்கிருந்து ஒரு துண்டுகூட உன் தொட்டிக்கு வரக் கூடாது. விற்பவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காமல் திரும்பு. கோமாளி மீனைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. முதல் மீனாக, கடலில் பிடித்ததை விட்டுவிட்டு, அப்படிப் பொரிப்பகத்தில் பிறந்ததைக் கேட்டு வாங்கு.