தோட்டாவில் குண்டைப் பொருத்துதலும் வாயை இறுக்குதலும்

ஒருமுறை வெடித்த கைத்துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் செப்பனிட்டு மீண்டும் நிரப்பும் வழக்கம் அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவோரிடையே பரவியுள்ளது. நம் நாட்டில் தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும். இத்தொழிலின் இறுதிக் கட்டத்தில் அடங்கிய நுட்பத்தை இங்கு ஆராய்வோம். இதில் நேரும் சிறு பிழையும் சுடுபவரின் கைக்குக் கேடாக முடியலாம்.

கூட்டில் மருந்தை நிரப்பியபின் இரண்டு வேலைகள் எஞ்சுகின்றன. குண்டை உரிய ஆழத்திற்கு அமுக்குதல் ஒன்று. கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்குதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே அச்சு செய்கின்றது. அச்சின் நடுவிலுள்ள தண்டு குண்டைக் கீழே தள்ளுகின்றது. அச்சின் உட்புறத்து விளிம்பு வாயை இறுக்குகின்றது.

ஆழம் ஏன் முக்கியம்? 9 மி.மீ. லூகர் தோட்டாவின் வெற்றுக் கூட்டில் சுமார் 860 கன மி.மீ. இடமே உண்டு. குண்டு புகுந்தபின் எஞ்சுவது இதனினும் மிகக் குறைவு. குண்டு மேலும் 1 மி.மீ. ஆழ்ந்தால் சுமார் 64 கன மி.மீ. குறையும், அதாவது எஞ்சிய இடத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இடம் சுருங்கினால் அமுக்கம் விரைந்து உயரும். அமுக்கம் உயர்ந்தால் மருந்து மேலும் விரைந்து எரியும். ஒன்றையொன்று தூண்டும் இவ்வளர்ச்சியே ஆபத்துக்குக் காரணம்.

வாயை இறுக்கும் முறை, தோட்டா துப்பாக்கியில் எவ்விடத்தில் தடைப்பட்டு நிற்கின்றது என்பதைப் பொறுத்தது. .38 ஸ்பெஷல், .357 மாக்னம் போன்ற சுழல்துப்பாக்கித் தோட்டாக்கள் அடியிலுள்ள விளிம்பால் நிற்பவை. ஒன்று வெடிக்கும்போது ஏற்படும் பின்னுதைப்பால் மற்றத் தோட்டாக்களின் கூடுகள் பின்னிழுக்கப்பட, குண்டுகள் தம் நிலைமத்தால் முன்னே நழுவலாம். நழுவிய குண்டு உருளையின் சுழற்சியைத் தடுக்கும். ஆதலால் வாயைக் குண்டின் வரிப்பள்ளத்துள் மடிக்க வேண்டும். 9 மி.மீ. லூகர், .45 ஏ.சி.பி. தோட்டாக்களோ வாயின் விளிம்பாலேயே நிற்பவை. அவற்றின் வாயை உள்ளே மடித்தால் நிற்க இடமிராது. குண்டை நுழைப்பதற்காக விரித்த வாயை நேராக்குமளவு நெருக்கினால் போதும். மிகுதியாக நெருக்கினால் ஈயக் குண்டு நசுங்கியபடியே இருக்க, பித்தளை மட்டும் சிறிது மீளும், பிடி தளர்ந்துவிடும்.

இனி அச்சைச் சரிசெய்யும் முறையைக் காண்போம். மருந்தும் பற்றவைக்கும் மூடியும் இல்லாத கூட்டைக் கொண்டே இதனைச் செய்தல் வேண்டும். வழக்கமான அச்சின் மரையில் அங்குலத்திற்கு 14 புரிகள் உண்டு. ஆகவே ஒரு முழுச் சுற்று 1.8 மி.மீ. ஆகும்.

முதலாவதாக, கூட்டை மேலே உயர்த்தி, அச்சின் உள்விளிம்பு வாயைத் தொடும்வரை அச்சைத் திருகி, பின்னர் ஒரு சுற்று மேலேற்றுக. இந்நிலையில் அச்சு வாயை இறுக்காது. இரண்டாவதாக, தண்டைச் சிறிது சிறிதாகத் திருகி, நிரப்பு அட்டவணையில் கூறிய மொத்த நீளம் வரும்வரை குண்டை அமுக்குக. மூன்றாவதாக, தண்டை நன்கு மேலேற்றிவிட்டு, அச்சை அரைக்கால் சுற்றாகக் கீழிறக்கி வாயைத் தக்கவாறு இறுக்கி, பூட்டு வளையத்தை முடுக்குக. இறுதியில், தோட்டா மேலே நிற்கும்போதே தண்டைக் குண்டைத் தொடுமளவு இறக்கிப் பூட்டுக.

கூடுகளின் நீளம் ஒத்திராவிடில் இறுக்கமும் ஒத்திராது. மேலும், குண்டு இறங்கிக்கொண்டிருக்கையில் வாய் இறுகுமாயின் ஈயம் சீவப்படும், கூடும் புடைக்கும். ஆதலால் இருவேலைகளையும் தனித்தனி அச்சில் செய்தல் நன்று.

முடிந்த தோட்டாவைச் சோதித்தறிக. 9 மி.மீ. லூகர் தோட்டாவின் வாய் விட்டம் 9.65 மி.மீ.க்கும், மொத்த நீளம் 29.69 மி.மீ.க்கும் மிகலாகாது. கழற்றிய குழலின் அறையில் இட்டால் அது தானே விழுந்து அமர்தல் வேண்டும். கவிழ்த்தால் தானே வெளிவருதல் வேண்டும். குண்டை மேசை விளிம்பில் வைத்து அழுத்தியபின்னும் நீளம் குறையலாகாது. குறையுமாயின் அதே அமைப்பில் மருந்திட்ட தோட்டா ஒன்றும் செய்தல் கூடாது.