பருத்தி ஏற்றுமதியும் நெசவாளர் நலனும்

பருத்தி விளைப்போரும் துணி நெய்வோரும் நம் கூட்டுறவு இயக்கத்தில் ஒருங்கே அங்கம் வகிக்கின்றனர். பஞ்சு விலை உயர்ந்தால் முன்னவர் மகிழ்வர், பின்னவர் வருந்துவர். ஆயின் இவ்விருவர் நலனும் ஒன்றுக்கொன்று பகைதானா? 2012ஆம் ஆண்டின் அனுபவத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அவ்வாண்டு மார்ச் 5ஆம் நாள் மத்திய அரசு பருத்தி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஏற்றுமதிக்கு 84 லட்சம் பேல்களே உபரி என்று மதிப்பிட்டிருக்க, அதற்குள் 94 லட்சம் பேல்கள் வெளிநாடு சென்றுவிட்டன என்பது காரணம். ஒரு பேல் என்பது 170 கிலோ பஞ்சு. உள்நாட்டு ஆலைகளுக்குப் பஞ்சு குறையலாகாது என்னும் நோக்கம் தவறன்று. ஆயினும் தம்மைக் கலவாமலே தடை விதிக்கப்பட்டதென அன்றைய வேளாண் அமைச்சர் சரத் பவாரே எதிர்ப்புத் தெரிவித்தார். ஒரு வாரத்திற்குள் தடை தளர்த்தப்பட்டது.

இத்தகைய திடீர்த் தடையின் விளைவு யாது? வாங்குவோர் குறைவதால் பருத்தி விலை இறங்கும். இருப்பு வைக்க வசதியற்ற சிறு விவசாயி கிடைத்த விலைக்கு விற்பார். அவர் இழந்த பணம் நெசவாளரை வந்தடையும் என்பதற்கும் உறுதியில்லை. இடையே ஜின்னிங் ஆலையும், நூற்பாலையும், நூல் வியாபாரியும் உள்ளனர். நஷ்டமுற்ற விவசாயி மறுபருவத்தில் வேறு பயிருக்குத் திரும்பினால், பஞ்சு அருகி நூல் விலை ஏறும். இன்று வயலில் ஏற்றிய பாரம் நாளை தறியில் இறங்கும்.

நெசவாளரைக் காக்க நேர்வழி உண்டு. நூற்பாலைகள் உள்நாட்டுக்கு அளிக்கும் நூலில் ஒரு பங்கைச் சிட்டநூலாகக் கட்டவேண்டும் என்பது விதி. அப்பங்கு 2019இல் 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனைக் கவனியாது ஏற்றுமதித் தடையை மட்டும் கோருவது பொருந்தாது. விவசாயிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. விலை அதற்குக் கீழ் இறங்கினால், 1970இல் நிறுவப்பெற்ற இந்தியப் பருத்திக் கழகம் கொள்முதல் செய்கிறது.

பன்னாட்டு நியாய வணிக முறையும் நாம் அறியத்தக்கது. அதில் பருத்திக்கு ஓர் அடிவிலையும், அதன்மேல் ஒரு கூடுதல் தொகையும் உண்டு. அத்தொகையை எதற்குச் செலவிடுவது என்பதை உற்பத்தியாளர் சங்கமே கூடித் தீர்மானிக்கிறது.

2018ஆம் ஆண்டின் வேளாண் ஏற்றுமதிக் கொள்கை நிலையான வணிக விதிகளை வலியுறுத்துகிறது. 2023இல் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனமும் தோன்றியது. ஆகவே அங்கத்தினர்களே, ஏற்றுமதி விதிகள் விதைப்புக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டுமென இரு தரப்புச் சங்கங்களும் ஒன்றுகூடிக் கேட்டல் நலம். தனித்தனியே கேட்டால் ஒருவர் வேண்டுகோளே மற்றவர்க்குச் சுமையாகும்.