கையில் வளர்ந்த சேவல் பாய்வது ஏன்?



கையில் தீனி தின்று, மடியில் தூங்கி வளர்ந்த சேவல் ஐந்தாறு மாதம் ஆனதும் வளர்த்த பிள்ளையின் காலையே கொத்தும். ஓடினால் விரட்டும். முதுகைக் காட்டினால் பாய்ந்து இரண்டு காலாலும் அடிக்கும். வல்லத்திராக்கோட்டை, ஆலங்குடிப் பக்கத்து ஊர்களில் இது பழகிப்போன செய்தி. அங்கே நாட்டுக்கோழிகள் கொல்லையிலும் முந்திரித் தோப்பிலும் மேய்ந்து திரிபவை. தாயோடு திரியும் குஞ்சுகளில் சிலவற்றைப் பருந்தும் கீரியும் கொண்டுபோய்விடும்; மிஞ்சிய ஒற்றைக் குஞ்சு வீட்டுக்குள் வந்து பிள்ளைகளின் கையில் வளரும். திருவிழாக் கடையில் சாயம் ஏற்றி விற்கும் குஞ்சுகளும் இப்படித்தான் வீடு சேர்கின்றன. அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்துவிட்ட ஆண்குஞ்சுகள். முட்டையிடாத ஆணால் அந்தத் தொழிலுக்குப் பயனில்லை. அதனால்தான் வீட்டுக்குள் செல்லமாக வளரும் குஞ்சு பல வேளைகளில் சேவலாகவே இருக்கிறது.

இந்த முரட்டுத்தனத்தை நன்றிகெட்ட குணம் என்பார்கள். அது குணக்கேடும் அல்ல, பகையும் அல்ல. சேவல் தன் இனத்துக்கு உரிய வேலையைத்தான் செய்கிறது. ஆளை மாற்றிச் செய்கிறது. ஏன் மாறுகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பொரிந்த முதல் சில நாள்கள். கண் திறந்த குஞ்சு தன் முன்னே எது அசைகிறதோ அதைத் தாயாக ஏற்றுப் பின்தொடரும். இங்கிலாந்தைச் சேர்ந்த டக்ளஸ் ஸ்பால்டிங் 1873இல் இதைப் பற்றி எழுதினார். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் எதையும் பார்க்காதபடி தலையில் மூடி போட்டுவைத்தார். சீக்கிரம் மூடி கழற்றிய குஞ்சுகள் அவர் பின்னாலேயே ஓடின. ஏறக்குறைய நான்கு நாள் கழித்துக் கழற்றியவை அவரைக் கண்டு மிரண்டன. ஆஸ்திரிய ஆய்வாளர் கோன்ராட் லோரன்ஸ் 1935இல் இதை விரிவாக விளக்கினார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அந்த முதல் நாள்களில் குஞ்சின் மனத்தில் பதிவது தாய் யார் என்பது மட்டுமல்ல, தன் இனம் எது என்பதும்தான். தாய்க்கோழியோடு வளரும் குஞ்சு அதன் எச்சரிக்கைக் குரலைக் கேட்டு ஆளைக் கண்டால் ஒதுங்கக் கற்கிறது. கையில் வளரும் குஞ்சுக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. அதன் கணக்கில் மனிதனும் ஒரு பெரிய கோழி.

இரண்டாவது, பருவம். ஆண்குஞ்சுக்கு இரண்டு மாத அளவில் கொண்டை சிவக்கத் தொடங்கும். அடுத்த சில மாதங்களில் உடைந்த குரலில் கூவிப் பழகும். ஐந்தாறு மாதத்தில் முழுச் சேவலாகும். இந்த மாற்றத்துக்கெல்லாம் காரணம் விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன். இதற்கு வழிகாட்டிய சோதனை 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நடந்தது. அர்னால்ட் பெர்தோல்ட் ஆறு இளஞ்சேவல்களுக்கு விதை நீக்கினார். வெறுமனே விட்டவற்றுக்குக் கொண்டை வளரவில்லை, கூவல் இல்லை, சண்டை இல்லை. விதையை வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்துத் தைத்த சேவல்களோ கொண்டை வளர்ந்து, கூவி, சண்டையிட்டு, மற்றச் சேவல்களைப் போலவே வாழ்ந்தன. சண்டைக் குணத்தைத் தூண்டுவது இரத்தத்தில் கலந்து ஓடும் ஒரு பொருள் என்பது இதிலிருந்து விளங்கியது. பழகிய சேவல் திடீரென்று மாறிவிட்டதாகத் தோன்றுவதும் இதனால்தான். பழக்கம் அப்படியே இருக்கிறது, பருவம் வந்திருக்கிறது.

மூன்றாவது, வரிசை. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒழுங்கு உண்டு. நார்வே நாட்டின் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலேயே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். இந்தக் கொத்து வரிசையை 1920களின் தொடக்கத்தில் அவர் உலகறியச் செய்தார். பருவம் வந்த சேவல் வரிசையில் மேலே ஏற முயலும். தனக்கு மேலே இருப்பவரைச் சீண்டிப் பார்க்கும். கொல்லையில் வேறு சேவலோ வயதான கோழிகளோ இருந்தால் இந்தச் சோதனை அவற்றோடு முடிந்துவிடும். ஒற்றையாய் வளர்ந்த சேவலுக்குச் சோதித்துப் பார்க்க மனிதக் கால்கள்தான் உண்டு. காட்டில் நரியையோ நாயையோ கண்டால் சேவல் எச்சரித்துவிட்டு விலகும். தன் இனத்துச் சேவலைக் கண்டால்தான் எதிர்த்து நிற்கும். ஆளை எதிர்த்து நிற்கும் சேவல் அவரைப் போட்டிச் சேவலாகக் கருதுகிறது என்று பொருள். மாடுகளிலும் இதே போக்கு காணப்பட்டிருக்கிறது. தாயில்லாமல் தனித்தனியே அடைத்துப் புட்டிப்பாலில் வளர்த்த ஹெர்ஃபோர்டு காளைகள், தாயோடு வளர்ந்தவற்றைவிட அதிகமாக ஆள்களை மிரட்டின என்று 1990இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

இனமும் கவனிக்கத் தக்கது. தமிழ்நாட்டில் சிறுவிடை, பெருவிடை என்று நாட்டுக்கோழி இரு வகைப்படும். பெருவிடையும் அசிலும் பல தலைமுறையாகச் சண்டைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போர்ச்சேவலுக்கு எழுப்பிய பழங்கால நடுகல்லே இருக்கிறது. ஆனால் சண்டைச்சேவல் என்றாலே ஆள்மீது பாயும் என்பதில்லை. அன்றாடம் கையால் தூக்கி, நீவி, குளிப்பாட்டி வளர்க்கும் சேவல் வளர்த்தவரையே அடித்தால் அதை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் அசில் மற்றச் சேவலிடம் மூர்க்கமாகவும் மனிதரிடம் சாதுவாகவும் இருப்பது வழக்கம். சேவலிடம் சண்டையிடும் குணம் வேறு, ஆளிடம் பாயும் பழக்கம் வேறு.

பாய்ச்சலுக்கு முன்னே அறிகுறிகள் வரும். சேவல் நேராக வராமல் பக்கவாட்டில் நடக்கும். ஒரு பக்க இறக்கையைத் தரையில் படும்படி தாழ்த்தி வட்டமிடும். தீனி இல்லாத இடத்திலும் தரையைக் கொத்தும். கழுத்து இறகைச் சிலிர்த்துத் தலையைத் தாழ்த்தி நிற்கும். அடுத்தது பாய்ச்சல். முட்டை எடுக்கும்போதும், பெட்டைக்கோழியைப் பிடித்து அது கத்தும்போதும், ஆள் திரும்பி நடக்கும்போதும் இது கூடுதலாக நடக்கும். சின்னப் பிள்ளைகளின் முகமும் கண்ணும் சேவல் எட்டிப் பாயும் உயரத்தில் இருப்பதால் அவர்களுக்கே ஆபத்து அதிகம்.

அந்த நேரத்தில் செய்யக்கூடாதவை இரண்டு. ஓடக்கூடாது, ஓடினால் சேவல் வென்றதாகிவிடும், மறுநாள் இன்னும் தைரியமாக வரும். உதைக்கவோ கம்பால் அடிக்கவோ கூடாது. அடித்தால் அடித்தவர் போட்டிச் சேவல்தான் என்பது அதற்கு உறுதியாகிவிடும், எலும்பும் முறியலாம். நின்ற இடத்திலேயே சேவலைப் பார்த்து நிற்க வேண்டும். கையில் இருக்கும் வாளியையோ முறத்தையோ கூடைமூடியையோ காலுக்கு முன்னே மறைப்பாகப் பிடித்தால் போதும். பாய்ச்சல் அதில் முட்டி வீணாகும். சேவல் பார்வையைத் திருப்பி அக்கம்பக்கம் கொத்தத் தொடங்கியதும் ஓரடி முன்னே வைத்து, செய்த வேலையைத் தொடர வேண்டும். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சண்டையும் போடாமல் பின்வாங்கவும் செய்யாவிட்டால் அது நாளடைவில் ஓயும்.

பிடித்து வைத்திருந்து பழக்குவதும் உதவும். பகலில் துரத்திப் பிடிப்பது சண்டையாகவே முடியும். இருட்டியபின் சேவல் அடைந்திருக்கும் இடத்தில் மெல்லப் பிடித்து, இறக்கைகள் விரியாதபடி அக்குளில் அணைத்து, கால்களை விரலிடையில் பிடித்துக்கொள்ள வேண்டும். உடல் தளர்ந்து அமைதியானபின் இறக்கிவிட வேண்டும். திமிறும்போதே விட்டால் திமிறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் சேவல் அடங்கும் என்று ஊரில் சொல்வதுண்டு. கோழிக்கு மனிதரைப் போல உதரவிதானம் இல்லை. தலைகீழானால் குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சை முட்டவைக்கும். அப்போது அது அடங்குவதில்லை, திணறுகிறது.

அன்றாட ஏற்பாட்டை மாற்றுவதுதான் நிலையான மருந்து. கையால் தீனி கொடுப்பதை நிறுத்தி, தட்டிலோ தரையிலோ போட்டுவிட்டு விலக வேண்டும். சேவல் கொக்கரித்துப் பெட்டைகளை அழைத்துத் தீனியைக் காட்டினால் தன் வேலையைக் கண்டுகொண்டது என்று கொள்ளலாம். மடியில் வைப்பதும், கையை ஆட்டிக் கொத்தவைத்து விளையாடுவதும் அடியோடு நிற்க வேண்டும். அந்த விளையாட்டே பாய்ச்சலுக்கான பயிற்சி. பெட்டைகளைச் சேவலின் கண்ணெதிரே பிடிக்கக்கூடாது. கோழிகள் மேய்ச்சலுக்குப் போனபின் முட்டை எடுப்பது நல்லது.

அதைவிட முக்கியம் கோழித்துணை. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் என்பது பொதுவான அளவு. இளஞ்சேவலுக்கு அதன் வயதுக் கோழிகளைவிட முட்டையிட்டுப் பழகிய மூத்த கோழிகளே நல்ல ஆசிரியைகள். வாலாட்டினால் கொத்தி ஒதுக்கிவிடும். புதிதாகச் சேர்க்கும்போது நடுவில் வலை கட்டி ஒரு வாரம் பார்க்கவிட்டு, பிறகு மாலையில் ஒன்றாக அடைப்பது சண்டையைக் குறைக்கும். மாற்றம் ஒரே நாளில் வராது, வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒருவர் பொறுமையாக நிற்க, இன்னொருவர் கல் எறிந்தால் பலனில்லை. சாதுவாக இருந்த வயதான சேவல் திடீரென்று சீறினால் செள், பேன், புண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆறு மாதச் சேவலுக்கு முள் சிறு மொட்டுதான்; ஆண்டு கடந்தால் நீண்டு கூர்மையாகும். முள்ளின் உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் உண்டு. நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். அதற்கு மேல் கால்நடை மருத்துவர் வேலை. முள் குத்திய காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவையானால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகள் வழியே பரவுவது. சேவல் கொத்தினால் அந்தப் பயம் வேண்டாம். கண்ணில் பட்ட அடிக்கு உடனே மருத்துவமனை போக வேண்டும். காலில் இரத்தக் குழாய் புடைத்திருக்கும் முதியவர்கள் தனியே கவனிக்கத் தக்கவர்கள். முட்டை எடுக்கப் போன 76 வயது மூதாட்டி ஒருவர், சேவல் அப்படிப்பட்ட குழாயைக் கொத்தியதால் இரத்தம் போய் இறந்ததை ஆஸ்திரேலியாவிலிருந்து 2019இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

எல்லாம் செய்தும் அடங்காத சேவல்கள் உண்டு. தவழும் குழந்தையோ தள்ளாத பெரியவரோ இருக்கும் வீட்டில் அதைத் திறந்துவிட்டு வளர்க்கக்கூடாது. வேலியிட்ட தனிக் கொட்டில் ஒரு வழி. குணத்தைச் சொல்லியே இன்னொருவருக்குக் கொடுப்பது ஒரு வழி. குழம்புக்குப் போவதும் கிராமத்தில் வழக்கமான முடிவுதான். சண்டைக்கு விடுவது மட்டும் வழியல்ல: விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எந்த முடிவானாலும் அந்தச் சேவல் சேர்ந்த பெட்டைகளின் முட்டையை அடைக்கு வைக்காமலிருப்பது நல்லது. முரட்டுக் குணம் ஓரளவு வழிவழியாக வருவது.

அடுத்த குஞ்சை வளர்க்கும் முறையிலேயே பாதித் தொல்லையைத் தவிர்க்கலாம். ஒற்றைக் குஞ்சாக வளர்க்காமல் இரண்டு மூன்றாவது சேர்த்து வளர்க்க வேண்டும். குஞ்சு பொரிக்கும் தறுவாயில் அடைக்கோழி இருந்தால், பொரிந்து ஓரிரு நாள் ஆன குஞ்சை இரவில் அதன் இறக்கைக்கடியில் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். தாய் இல்லாவிட்டால் பல்பின் கதகதப்பில் மற்றக் குஞ்சுகளோடு விட்டு, தீனியும் தண்ணீரும் வைப்பதோடு கை விலக வேண்டும். கொண்டை முதலில் சிவக்கும் குஞ்சு ஆண் என்று தெரிந்தவுடன் தடவுவதையும் தூக்குவதையும் குறைக்க வேண்டும். ஆளைக் கண்டால் இரண்டடி ஒதுங்கிப் போகும் சேவலே நல்ல சேவல். சந்தேகம் இருந்தால் உள்ளூர் கால்நடை மருந்தகத்திலும், ஆலங்குடிப் பக்கத்தில் வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுத் தெளியலாம்.