பொருளுக்கு ஏற்ற பெட்டி எது? சிப்பம் கட்டும்போது கவனிக்க வேண்டியவை

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம் ஒரு மீனவர் ஊர். அந்தக் கழிமுகத்து நீரில் இறாலும் உண்டு, களி நண்டும் உண்டு. ஒரே நீரில் வளர்ந்தவை என்றாலும் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பனைக்கு அனுப்ப முடியாது. இறால் கெடாமல் இருக்க வேண்டுமானால் ஐஸ் போட்டு மூடிய தெர்மாக்கோல் பெட்டி தேவை. களி நண்டோ உயிருடன் விற்கப்படுவது. அதை ஐஸில் புதைத்தால் செத்துவிடும். தண்ணீர் தேங்கிய மூடிய பெட்டியில் வைத்தாலும் மூச்சு முட்டிச் செத்துவிடும். கொடுக்குகளைக் கட்டி, ஈரச் சாக்கு பரப்பிய காற்றோட்டமுள்ள கூடையில் அடுக்கினால்தான் அது உயிருடன் சந்தை சேரும். செத்த நண்டுக்கு விலை கிடையாது.

இந்தப் பாடம் வயலுக்கும் பொருந்தும். தக்காளி, கீரை, மல்லிகை, வெங்காயம், நிலக்கடலை ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுகின்றன. ஆனால் நம்மில் பலர் எல்லாவற்றுக்கும் சாக்கையே எடுக்கிறோம். மண்டியில் சாக்கை அவிழ்த்துக் கொட்டியதும் நசுங்கியவை, வெந்தவை, அழுகியவை தனியே ஒதுக்கப்படும். அந்தக் கழிவு முழுவதும் விவசாயியின் கணக்கில்தான் சேரும். விதை, உரம், தண்ணீர், ஆள் கூலி என எல்லாச் செலவும் முடிந்த பிறகு ஏற்படும் இழப்பு இது. ஆகவே பெட்டி வாங்கும் முன் பொருளை அறிந்து கொள்ள வேண்டும்.

நான்கு கேள்விகள்

எந்தப் பொருளாக இருந்தாலும் சிப்பம் கட்டும் முன் கீழ்க்கண்ட நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

1. இது நசுங்குமா? சாக்கில் கட்டினால் மேலே உள்ள பாரம் முழுவதும் அடியில் உள்ள காயின் மேல் இறங்கும். பெட்டியில் வைத்தால் பாரத்தைப் பெட்டியின் சுவர் தாங்கும். பாரத்தைப் பெட்டி தாங்க வேண்டும், பழம் தாங்கக் கூடாது. நசுங்கும் பொருள்களுக்கு இதுவே முதல் விதி.

2. இது மூச்சு விடுமா? பறித்த பிறகும் காய், கனி, கீரை, பூ ஆகியவை மூச்சு விடுகின்றன. அப்போது வெப்பமும் ஈரமும் வெளிப்படும். அவை வெளியேற வழி இல்லையென்றால் பொருள் உள்ளேயே வெந்து போகும்.

3. இது வாடிக் கெடுமா, ஈரம் பட்டுக் கெடுமா? கீரை வாடும், அதற்கு ஈரம் காக்க வேண்டும். வெங்காயமும் கடலையும் ஈரத்தால் கெடும். அவற்றை உலர்வாக வைக்க வேண்டும்.

4. எவ்வளவு தூரம் போகிறது, எத்தனை கை மாறுகிறது? பக்கத்து உழவர் சந்தைக்குச் செல்லும் காய்க்குப் பிரம்புக் கூடையே போதும். மூன்று முறை ஏற்றி இறக்கி வெளிமாநிலம் செல்லும் காய்க்கு அது போதாது.

தக்காளி, கத்தரி, முருங்கை

தக்காளிக்கு ஏற்றது பக்கவாட்டில் துளைகள் உள்ள பிளாஸ்டிக் கிரேட். உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரை மட்டுமே நிரப்ப வேண்டும். குவித்து நிரப்பினால் மேலே அடுக்கும் பெட்டி பழத்தின் மேல் உட்காரும். அப்போது கிரேட்டுக்கும் சாக்குக்கும் வேறுபாடு இல்லை. நன்கு பழுத்த பழத்தையும் செங்காயையும் ஒரே பெட்டியில் கலக்காமல் தனித்தனியே அனுப்புதல் நலம்.

கத்தரிக்காய் சாக்கில் உராய்ந்து தோல் மங்கிவிடும். கிரேட்டின் அடியில் அச்சில்லாத வெள்ளைத் தாளைப் பரப்பி அடுக்கலாம். அச்சிட்ட செய்தித்தாளில் உணவுப் பொருளைப் பொதியக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. மையில் உள்ள பொருள்கள் உணவில் ஒட்டும் என்பதே காரணம். முருங்கைக்காயைக் கட்டுகளாகக் கட்டி, நுனி ஒடியாதபடி இருபுறமும் சாக்கால் சுற்றினால் போதும். உரமோ பூச்சி மருந்தோ வந்த சாக்குகளை எக்காரணம் கொண்டும் காய்கறிக்குப் பயன்படுத்தக் கூடாது.

கீரையும் மல்லிகையும்

கீரைக் கட்டுகளை ஈரச் சாக்கு விரித்த கூடையிலோ கிரேட்டிலோ நிற்க வைத்து அடுக்க வேண்டும். படுக்க வைத்துக் குவித்தால் நடுவில் சூடேறி மஞ்சளாகிவிடும். துளையில்லாத பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றுவதும் தவறு. பழுத்த தக்காளி, வாழை, மாம்பழம் ஆகியவற்றுடன் கீரையை ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. அப்பழங்கள் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடும். அது கீரையை விரைவில் மஞ்சளாக்கிவிடும்.

மல்லிகை மொக்கை அதிகாலையில் பறித்து, ஈரத்துணி விரித்த மூங்கில் கூடையில் அழுத்தாமல் பரப்பி அனுப்பலாம். தொலைதூரம் செல்வதற்குத் தெர்மாக்கோல் பெட்டி தேவை. ஐஸைப் பையில் அடைத்து, மொக்கின் மேல் நேரே படாதபடி தடுப்பு வைக்க வேண்டும். ஐஸ் பட்ட மொக்கும், நீரில் நனைந்த மொக்கும் நிறம் மாறிவிடும்.

மாவும் வாழையும்

மாங்காயைக் காம்பு சற்று நீளமாக இருக்கும்படி பறிக்க வேண்டும். காம்பிலிருந்து வடியும் பால் தோலில் பட்டால் கறுத்துவிடும். பால் வடித்த பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்கு ஆழம் குறைந்த கிரேட்டில் இரண்டு மூன்று அடுக்கு வைக்கலாம். அடுக்குகளுக்கு இடையே சுத்தமான வைக்கோல் பரப்பலாம். வெளிநாடு செல்லும் பழத்துக்கு ஒரே அடுக்கு உள்ள அட்டைப் பெட்டிதான் ஏற்றது. அதில் வைக்கோல் வைக்கக் கூடாது. வைக்கோலோடு பூச்சியும் நோயும் செல்லும் என்பதால் பல நாடுகள் அதை அனுமதிப்பதில்லை.

வாழையைத் தாராக லாரியில் ஏற்றும்போது அடித்தாரின் காய்கள் உராய்ந்து கறுக்கும். வாழைச் சருகு பரப்பினால் ஓரளவு தடுக்கலாம். ஏற்றுமதிக்கு வாழையைச் சீப்புகளாக வெட்டி, கழுவி, பால் வடிந்ததும் பிளாஸ்டிக் தாள் விரித்த அட்டைப் பெட்டியில் அடுக்குகிறார்கள். வெட்டுப் பகுதி கீழ்நோக்கி இருக்க வேண்டும். நம் நாட்டிலிருந்து செல்லும் வாழைப் பெட்டி பெரும்பாலும் 13 கிலோ அளவுடையது. வாழையை 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரூட்டக் கூடாது. குளிரூட்டினால் தோல் மங்கி, சரியாகப் பழுக்காது.

வெங்காயமும் நிலக்கடலையும்

வெங்காயத்துக்குப் பெட்டியைவிட வலைப்பையே சிறந்தது. நன்கு உலர்த்தி, தாள் ஒடிந்த பின் பையில் கட்ட வேண்டும். அடர்ந்த சாக்கில் கட்டினால் ஈரம் தங்கி அழுகும்.

நிலக்கடலைக்குச் சணல் சாக்கு போதும். ஆனால் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரம் மிகுந்தால் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகும். நஞ்சு கண்டறியப்பட்டால் ஏற்றுமதிச் சரக்கு திருப்பி அனுப்பப்படும். மூட்டைகளை வெறும் தரையில் வைக்காமல் கட்டையின் மேல் அடுக்க வேண்டும். கப்பல் பயணத்தில் இரவுக் குளிரில் கண்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். எனவே உலர் பொருளின் மேல் நீரை உறிஞ்சும் தாள் விரிப்பது வழக்கம்.

துறைமுகம் செல்லும் அட்டைப் பெட்டி

மீஞ்சூர், பொன்னேரி வட்டார விவசாயிகள் கண்டெய்னர் லாரிகளை அன்றாடம் பார்க்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் 1983ஆம் ஆண்டிலேயே கண்டெய்னர் முனையம் தொடங்கப்பட்டது. எண்ணூரில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய துறைமுகம் இன்று காமராஜர் துறைமுகம் என வழங்குகிறது. அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் உள்ளது. இவ்வழியே விளைபொருளை அனுப்ப விரும்பும் விவசாயிக் குழுக்கள் அட்டைப் பெட்டியைப் பற்றிச் சில விவரங்களை அறிந்திருக்க வேண்டும்.

அட்டையில் மூன்று தாள், ஐந்து தாள், ஏழு தாள் என வகைகள் உண்டு. எடையும் அடுக்கும் உயரமும் கூடக் கூடத் தாளின் எண்ணிக்கையும் கூட வேண்டும். பெட்டியின் வலிமையில் பெரும்பகுதி நான்கு மூலைகளில் உள்ளது. ஆகவே காற்றுத் துளைகளை மூலைக்கு அருகில் இடக் கூடாது. துளைகளின் பரப்பு பக்கத்தின் பரப்பில் சுமார் 5 சதவீதம் இருந்தால் போதும். மிகுதியாகத் துளையிட்டால் பெட்டி பலவீனமாகும். ஈரக் காற்றில் அட்டை பாதி வலிமையை இழக்கக்கூடும். கடலோரத்தில் பெட்டிகளை இரவில் திறந்த வெளியில் வைக்கக் கூடாது.

ஒரு பெட்டியின் மூலை மேல் அடுத்த பெட்டியின் மூலை நேராக அமர வேண்டும். செங்கல் அடுக்குவது போல மாற்றி அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பெட்டிகளில் ஐந்து, 120க்கு 100 சென்டிமீட்டர் பலகைத் தட்டில் இடைவெளியின்றிப் பொருந்தும். தட்டின் விளிம்பைத் தாண்டிப் பெட்டி நீட்டிக்கொண்டிருந்தால் அதன் தாங்கும் திறன் வெகுவாகக் குறையும்.

குளிர்சாதனக் கண்டெய்னரில் குளிர்ந்த காற்று தரையிலிருந்து மேல்நோக்கி வீசும். எனவே அதில் செல்லும் பெட்டிக்கு அடியிலும் மேலும் துளைகள் வேண்டும். பக்கத்தில் மட்டும் துளை இருந்தால் காற்று உள்ளே நுழையாது. மேலும் அந்தக் கண்டெய்னர் குளிர்ந்த பொருளைக் குளிராகக் காப்பதற்காக அமைந்தது. வெயிலில் பறித்த சூடான காயை விரைவில் குளிர்விக்க அதனால் இயலாது. முன்னரே குளிர்வித்து ஏற்ற வேண்டும்.

மரப்பெட்டியோ மரத்தட்டோ வெளிநாடு செல்வதானால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றுவது போன்ற ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தி, அதற்குரிய முத்திரை பெற்றிருக்க வேண்டும். மரத்துளைப்பான்கள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்கவே இந்த உலக விதி.

பெட்டி அளவும் விலையும்

பெட்டி பொருளைக் காப்பதோடு விலையையும் தீர்மானிக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் நெடுங்காலம் பெட்டிக் கணக்கில் விற்கப்பட்டது. அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறி நீளக்கூடிய இரட்டை அட்டைப் பெட்டிகள் பழக்கத்தில் இருந்தன. அதில் எவ்வளவு பழம் கூடுதலாகத் திணித்தாலும் விலை ஒரு பெட்டிக்குத்தான். நட்டம் தோட்டக்காரருக்கு. விவசாயிகளின் கோரிக்கையை அடுத்து 2023இல் எடைக் கணக்கில் விற்பனையும், 2024இல் நீளாத ஒரே அளவுப் பெட்டியும் அங்கு கொண்டுவரப்பட்டன. நம் விவசாயிகளும் ஒரே அளவுப் பெட்டியைப் பயன்படுத்தி, வீட்டிலேயே எடை போட்டு, எடையைக் குறித்து அனுப்புவது நலம்.

கிரேட் கட்டுப்படியாகுமா?

இலங்கையில் 2011 டிசம்பரில் காய்கனிகளைப் பிளாஸ்டிக் கிரேட்டில்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியபோது, தம்புள்ளையில் விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தனர். கிரேட்டின் விலை, லாரியில் ஏறும் பாரம் குறைதல் ஆகியவை அவர்களுடைய குறைகள். இவை நியாயமான கேள்விகளே. எனவே ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

உதாரணமாக ஒருவர் ஒரு நடைக்கு 500 கிலோ தக்காளி அனுப்புவதாக வைத்துக் கொள்வோம். சாக்கில் 50 கிலோவும் கிரேட்டில் 15 கிலோவும் கழிவு என்றால் மீதமாவது 35 கிலோ. கிலோ 20 ரூபாய் என்றால் நடைக்கு 700 ரூபாய். காலிக் கிரேட் திரும்பி வரவும், லாரியில் குறையும் பாரத்துக்காகவும் 150 ரூபாய் கழித்தால் 550 ரூபாய் நிற்கும். 20 கிலோ கொள்ளும் கிரேட் 25 தேவை. ஒன்று 300 ரூபாய் வீதம் 7,500 ரூபாய் முதலீடு. 14 நடைகளில் முதல் திரும்பிவிடும். தம் ஊர் விலையையும் தம் கழிவையும் போட்டு அவரவர் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கலாம். பருவத்துக்கு நான்கைந்து நடை மட்டுமே அனுப்புபவர் தனியாக வாங்குவதைவிட, உழவர் உற்பத்தியாளர் குழு மூலம் பொதுவில் வாங்கி முறை வைத்துப் பயன்படுத்துவதே சிக்கனம். கிரேட்டில் பெயரோ நிறமோ அடையாளமிட்டு, மண்டியில் எண்ணிக்கை எழுதி வாங்கினால் காணாமல் போவது குறையும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். அழுகல் நோய் பழைய பெட்டி மூலமும் புதிய காய்க்குப் பரவுகிறது.

புதிய பெட்டிக்கு ஒரேயடியாக மாற வேண்டியதில்லை. அடுத்த அறுவடையில் பாதியைச் சாக்கிலும் பாதியைப் பெட்டியிலும் அனுப்பி, மண்டியில் எவ்வளவு கழிவு போகிறது என்று தனித்தனியே எழுதி வைத்துப் பார்க்கவும். மேலும் விவரங்களுக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைக்குப் பின்சார் தொழில்நுட்ப மையத்தையோ விவசாயிகள் அணுகலாம்.