நாய் விளையாட்டு கிளப்புக்கு டிரெய்லர் வாங்கும்முன்…

அமெரிக்காவில் நாய்கள் தடைகளைக் கடந்து ஓடும் அஜிலிட்டி போட்டியை நடத்தும் கிளப்புகள் முதலில் டேப்பை எடுத்து, ஏற்ற வேண்டிய சாமான்களில் இருப்பதிலேயே நீளமான பலகையை அளக்க வேண்டும். நாய் நடக்கும் பாலத்தின் பலகையும் சீசா பலகையும் பெரும்பாலும் 12 அடி. 12 அடி டிரெய்லர் என்றால் கதவு இடிக்கும். 14 அடி நல்லது.

டிரெய்லரின் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பில் அதன் சொந்த எடையும் அடக்கம். அதைக் கழித்த மீதிதான் சரக்குக்கு. நாய்கள் நுழைந்து ஓடும் சுரங்கக் குழாய்களை அசையாமல் பிடிக்கும் மணல் பைகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள், கனமே அதில்தான். பாரத்தில் சுமார் 60 சதவீதம் முன்பாதியில் இருக்கட்டும். பின்பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும், அது நாய் செய்தால் மட்டுமே அழகு!

பின்கதவு சாய்தளமாக இறங்கினால் தள்ளுவண்டியோடு உள்ளே ஏற்றலாம். ஈரக் குழாய்களில் பூஞ்சை பிடிக்கும். அதனால் கூரையில் காற்றுத் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.