குடல் சுவரில் காற்று: அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் ஒருவர் நீடித்த வயிற்றுப்போக்குக்காகச் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்ளும்போது, அறிக்கையில் 'நியூமடோசிஸ் இன்டஸ்டினாலிஸ்' என்னும் சொல் சில வேளைகளில் இடம்பெறுகிறது. குடலின் சுவருக்குள் காற்று உள்ளது என்பதே அதன் பொருள். வீட்டில் யாரேனும் கைப்பேசியில் இச்சொல்லைத் தேடினால் 'குடல் அழுகல்', 'அவசர அறுவை' என்பனவே முதலில் கண்ணில் படும். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் எய்ட்ஸ் நோயாளர் பலரிடம் இது அவ்வளவு கொடியதாக இருப்பதில்லை.

குடற்குழாயின் உள்ளே காற்று இருப்பது இயல்பு. உட்படலம் புண்ணாகி வலுவிழக்கும்போது அக்காற்று சுவரின் அடுக்குகளுக்குள் கசிந்து, குமிழிகளாகவோ கோடுகளாகவோ தங்கிவிடுகிறது. சி.டி.4 அணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்குச் சைட்டோமெகலோ வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகள் இத்தகைய புண்ணை உண்டாக்கலாம். மருத்துவ ஏடுகளில் பதிவான எய்ட்ஸ் நோயாளர்களில் பெரும்பாலோருக்குக் காற்று பெருங்குடலின் வலப்பக்கத்தில் காணப்பட்டது; பலர் அறுவையின்றியே தேறினர்.

எக்ஸ்ரேயிலும் இது தெரியக்கூடும், சி.டி. படமே தெளிவானது. நுரையீரலைப் பார்க்கும் ஒளி அமைப்புக்குப் படத்தை மாற்றினால், மலத்தோடு கலந்த காற்று எது, சுவருக்குள் உள்ள காற்று எது என்று பிரித்தறிவது எளிதாகும். கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயிலும் காற்று உள்ளதா, குடல் சுவருக்கு இரத்தம் செல்கிறதா என்பதையும் கதிரியக்க மருத்துவர் பார்ப்பார்.

எனினும் படம் மட்டும் முடிவு சொல்லாது. வயிறு கல்போல் இறுகியவருக்கும், இரத்த அழுத்தம் சரிந்து இரத்தத்தில் லாக்டேட் உயர்ந்தவருக்கும் அறுவை மருத்துவரை உடனே அழைக்கிறோம். வயிறு மென்மையாக இருந்து, பிற குறிகளும் சீராக இருப்பவருக்குக் குடலுக்கு ஓய்வு, நரம்பு வழித் திரவம், கிருமிக்கேற்ற மருந்து, நெருங்கிய கண்காணிப்பு ஆகியவை பெரும்பாலும் போதுமானவை. ஏ.ஆர்.டி. மருந்தைத் தவறாமல் உண்டு சி.டி.4 நல்ல நிலையில் உள்ளவருக்கு இக்காற்று தென்பட்டால், இரத்த ஓட்டத் தடை போன்ற வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

இவ்வளவும் ஒரு தகவலைச் சார்ந்தது: அவருக்கு எச்.ஐ.வி. உள்ளது என்பதை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமனின் குழு கண்டறிந்தது நம் சென்னையில்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், நள்ளிரவில் நோயாளியை அழைத்து வரும் குடும்பத்தினர் இதைச் சொல்லத் தயங்குகின்றனர். அத்தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை அறியாத மருத்துவர் தேவையற்ற அறுவைக்கு முற்படலாம், அல்லது உண்மையான கிருமியைத் தேடாமலே விடலாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் உங்கள் இரகசியத்தைக் காக்கிறது. சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. உறவினர்களுக்கு எதிரில் சொல்ல விருப்பமில்லையெனில் மருத்துவரிடம் தனியே பேச வேண்டுமெனக் கேளுங்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் தந்த சிகிச்சைப் புத்தகத்தையும் கையோடு கொண்டுவாருங்கள்.

கடும் வயிற்றுவலி, வயிறு இறுகுதல், மலத்தில் இரத்தம், மயக்கம், காய்ச்சலுடன் நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராதீர்கள். சி.டி.4 குறைந்தவர்கள் கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்து ஆற்றியே பருகுவது நல்லது. கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு எளிதில் மடிவதில்லை.