ஓய்வுக்கும் ஓர் அட்டவணை

நியூயார்க்கில் ஒரு வடிவமைப்பு ஸ்டுடியோ. ரோலிங் ஸ்டோன்ஸ், லூ ரீட் போன்றவர்களின் இசைத்தட்டு அட்டைகளால் பெயர் பெற்றது. 1993-இல் அதைத் தொடங்கிய ஆஸ்திரியக்காரர் ஸ்டீபன் சாக்மைஸ்டர், ஏழாண்டுக்கு ஒருமுறை ஓராண்டு முழுக்க அதைப் பூட்டிவைத்து வந்தார். எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வந்தாலும் அந்த ஆண்டு வேலை கிடையாது.

அவர் போட்ட கணக்கு எளிது. முதல் 25 ஆண்டு படிப்பு, அடுத்த 40 ஆண்டு உழைப்பு, அதன்பின் 15 ஆண்டு ஓய்வு. அந்தப் பதினைந்தில் ஐந்தை உருவி, உழைக்கும் காலத்துக்கு நடுவே செருகிக்கொண்டார். யோசித்ததை வேலையில் போட்டுப் பார்க்கக் கையில் தெம்பு இருக்கும்போதே ஓய்வு கிடைக்க வேண்டும். இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது.

ஆனால் 2000-இல் எடுத்த முதல் விடுப்பு தொடக்கத்தில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. திட்டம் எதுவும் போடாமல், வெறுமையாக இருந்தால் யோசனைகள் தாமாக வரும் என்று நம்பியிருந்தார். வந்தவையோ பத்திரிகைகள் கேட்ட சில்லறை வேலைகள். அவற்றுக்கெல்லாம் தலையாட்டியதில் தமக்குத் தாமே எடுபிடியாகிப் போனார். பிறகுதான் தமக்குப் பிடித்தவற்றைப் பட்டியலிட்டு, முக்கியமானதை மேலே வைத்து, பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி மணிக்கணக்கில் பிரித்தார். கதை எழுத ஒரு மணி, வருங்காலத்தைப் பற்றி யோசிக்க ஒரு மணி. அதற்கடுத்த ஏழாண்டுகளில் ஸ்டுடியோ செய்தவை எல்லாமே அந்த ஓராண்டு யோசனையில் முளைத்தவை என்று 2009-இல் டெட் (TED) சொற்பொழிவு மேடையில் சொன்னார்.

நம் வீடுகளிலும் விடுப்பு கரைவது இப்படித்தான். லீவு என்று தெரிந்ததும் ஆதார் திருத்தம், பேங்க் வேலை, கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போவது எல்லாம் வரிசைகட்டும். “வீட்லதானே இருக்கே!” பெண்களுக்கோ லீவு நாளில்தான் அடுக்களை வேலை கூடும். வெளிவேலைகளை ஒரே நாளில் முடித்துவிட்டு, அடுக்களை வேலையைப் பங்குபோட்டுக்கொண்டு, மிச்ச நாட்களில் காலை நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

அதற்கு முதலில் விடுப்பு கையில் இருக்க வேண்டும். 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. இப்படிச் சேரும் ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணமாக்கத்தான் பலர் காத்திருக்கிறார்கள். பிள்ளையின் ஃபீஸ் கட்ட வேண்டியவரிடம் வேறு யோசனை சொல்ல முடியாது. அந்த நெருக்கடி இல்லாதவர்களாவது ஒரு வாரத்தை விற்காமல் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்தில் என்ன நடந்துவிடும் என்று நினைப்பவர்கள் அமெரிக்க இசை நாடகக் கலைஞர் லின்-மானுவல் மிராண்டாவைப் பார்க்கலாம். 2008-இல், பிராட்வேயில் தம் நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே, விடுமுறை எடுத்து மெக்சிகோ போனார். கையில் இருந்தது அமெரிக்காவை நிறுவிய தலைவர்களுள் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனைப் பற்றி ரான் செர்னோ எழுதிய வாழ்க்கை வரலாறு, தலையணை கனத்தில். அதைப் படிக்கும்போதே ஹாமில்டனின் கதை ராப் பாட்டாக அவர் மனதில் ஓட ஆரம்பித்தது. ‘ஹாமில்டன்’ இசை நாடகம் 2015-இல் மேடையேறியது. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது.